முதல் தொண்ணூறு நாள்: எங்கள் பிரகடனம்

தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவமனை வார்டுகளில் பத்து ஆண்டுக்கும் மேல் நின்று கால் வீங்கிய செவிலியர்கள் நாங்கள். இயக்கம் தொடங்குகிறவர்கள் எதிராளி யாரென்று முதலில் சொல்வது வழக்கம். எங்கள் பட்டியலில் முதல் பெயர் எங்களுடையதுதான். “நான் வந்தப்ப எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?” என்று புதிதாக வந்தவரிடம் ஒருமுறையாவது எரிந்து விழாதவர் எங்களில் இல்லை. அந்தக் கேள்வியை இன்றோடு விடுகிறோம். (இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. டூட்டி முடிந்து பேசிப் பேசி நள்ளிரவானதுதான் மிச்சம்.)

நடப்பது இதுதான். மூன்று ஆண்டு ஜி.என்.எம். அல்லது நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, திங்கட்கிழமை ஒருவர் வேலையில் சேர்கிறார். அரை நாள் அறிமுக வகுப்பு. அந்த வாரமே நைட் டூட்டி. மாணவியாக இருந்தபோது இரண்டு, மூன்று நோயாளிகள், பக்கத்தில் டியூட்டர். இப்போது இருபது படுக்கை, பக்கத்தில் யாருமில்லை. விடிய விடிய ஓடிக் களைத்த காலை ஆறரை மணிக்கு இன்சுலின் போட வேண்டும். டிரேயில் சிவப்பு மூடி சிரிஞ்சும் இருக்கிறது, ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் இருக்கிறது. சிவப்பு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு, ஆரஞ்சு மில்லிக்கு 100 யூனிட் உள்ளதற்கு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட். இது அவருக்குத் தெரியும், தேர்வில் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த நேரத்தில், அந்தத் தூக்கக் கலக்கத்தில், “அக்கா, இதை ஒருதரம் பாருங்களேன்” என்று நீட்ட ஓர் ஆள் வேண்டும்.

இன்னொன்று, டாக்டருக்கு போன் போடுவது. “டாக்டர், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்” என்கிறார். அவர் கண்டது சரிதான், ஏதோ கெடப்போகிறது. ஆனால் நாடி 120, மூச்சு 28, ஒரு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்று அடுக்கிச் சொல்ல இன்னும் வாய் பழகவில்லை. திட்டு விழுகிறது. அடுத்த முறை போன் எடுக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுகிறோம்.

1974-இலேயே அமெரிக்காவில் மார்லின் கிரேமர் இந்த அதிர்ச்சிக்கு ‘ரியாலிட்டி ஷாக்’ என்று பெயர் வைத்துப் புத்தகம் எழுதிவிட்டார். ஒரே மாதிரி வார்டில் இரண்டு, மூன்று ஆண்டு நின்றபிறகே திறமையான செவிலியர் உருவாகிறார் என்று பாட்ரிசியா பென்னர் 1984-இல் எழுதினார். நம் நாட்டில் நர்சிங் பட்டப்படிப்பு 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. கல்லூரிகள் பெருகின. கல்லூரி வாசலுக்கும் வார்டு வாசலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் மட்டும் இன்றுவரை பெரும்பாலும் பலகை போடவில்லை.

எங்கள் முதல் கோரிக்கை: சேர்ந்த தொண்ணூறு நாள் வரை புதியவரை ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள். போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற இடங்களில் ஐவருக்கு ஒருவர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில் நெறி. அந்த ‘ஒருவர்’ நேற்று வந்தவராக இருந்தால் ஏட்டில் கணக்கு நேராகும், படுக்கையருகே ஆள் குறையும்.

செலவு என்பார்கள். ஆறே மாதத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவருக்குப் பதில் இன்னொருவரை எடுத்து, மறுபடி அ, ஆ-விலிருந்து தொடங்குவது செலவில்லையா? அவர் போகாமலிருக்கச் சில இடங்களில் மூலச் சான்றிதழை பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள். பூட்டிய பீரோ ஒருவருக்கும் ஊசி போடக் கற்றுக்கொடுத்ததில்லை. ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவுப்படி அமைந்த குழு பரிந்துரைத்தது. அதைக் கொடுங்கள், பீரோ தேவைப்படாது.

எங்கள் பங்குக்கு: ஆளுக்கொரு புதியவரை ஏற்கிறோம். அவருக்கு எந்த ஷிப்டோ அதே ஷிப்டில் நாங்களும் நிற்போம். எங்கள் படுக்கைகளை அதற்கேற்பக் குறைத்துத் தர வேண்டும். இன்சார்ஜ் சிஸ்டரை இந்த வேலைக்குப் போடக் கூடாது. மதிப்பீட்டு அறிக்கை எழுதுகிறவரிடம் யாரும் அசட்டுக் கேள்வி கேட்க மாட்டார்கள், புதியவருக்குத் தேவையானவை அசட்டுக் கேள்விகளே. தப்பு நடக்கவிருந்து தப்பியதைத் தானே வந்து சொன்னவருக்கு மெமோ கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அதில் எங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வோம். நோயாளி, உறவினர் முன்னால் அவரைக் கடிந்துகொள்ள மாட்டோம். இது கடினம், எங்களுக்குத் தெரியும்.

சேர விரும்பும் சிஸ்டர்களுக்கும் பிரதர்களுக்கும் கட்டணம் இல்லை. அடுத்த டூட்டி பட்டியலில் உங்கள் பெயருக்குக் கீழே ஒரு புதியவர் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஹேண்ட் ஓவர் ஏழரைக்கு என்றால் ஏழுக்கே வந்துவிடுங்கள். அவர் அதற்கும் முன்பே வந்து, வார்டு வாசலில் பையோடு நின்றுகொண்டிருப்பார்.