பாம்பன் இரும்பை எடைக்குப் போடுவதா?

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தோடு இராமேசுவரம்–தாம்பரம் ரயிலும் தொடங்கியது. வரவேற்கிறோம். 1914இல் திறந்த பழைய பாலத்தின் கதி என்ன?

கப்பல் வந்தால் நடுவிலிருக்கும் ஷெர்சர் தூக்குப் பாலத்தைத் தொழிலாளர் கையால் சுற்றித் திறந்தார்கள். மின்சாரமல்ல, தோள்வலி! 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே விழுங்கியது. பாலத்தின் உத்தரங்கள் பல கடலுக்குள் போயின. தூக்குப் பாலம் மட்டும் அசையாது நின்றது. 46 நாளில் பாலத்தைச் சீராக்கிய பொறியாளர் ஸ்ரீதரனை நாடறியும். பாராட்டத்தக்கவரே. கடலில் விழுந்த உத்தரங்களைத் தூக்கி நிறுத்திய தொழிலாளரை யாரறிவார்?

2022இல் ரயில் நின்றுவிட்ட பாலத்தைப் பிரிப்பதானால் பிரிக்கட்டும். தூக்குப் பாலத்தைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்! மண்டபம் கரையில் நிறுத்துக! பழைய சம்பளப் பட்டியல்களைத் தேடியெடுத்து, அத்தொழிலாளர் பெயர்களை அதிலே பொறித்திடுக!