ஆக்சிலை மாற்றலாம், சேஸியை வெட்டலாமா?

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்கும் அனுபவசாலிகளைக் கேட்டுப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசாதீர்கள் என்பார்கள். சிமெண்டு உறுதியானதுதான். ஆனால், சுவரின் ஈரத்தை வெளியே விடாது. நாளடைவில் உள்ளே இருக்கும் செங்கல் உதிர ஆரம்பிக்கும். புதிய பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

தாத்தா விட்டுச்சென்ற பழைய சொகுசுக் காருக்கும் இது பொருந்தும். பின் ஆக்சில் தேய்ந்துவிட்டது. அசல் பாகம் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை. 'புதிய காரின் ஆக்சிலைப் போட்டுவிடலாமே' என்ற யோசனை வருவது இயல்பு.

ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். 1925-இல் பழைய சில்வர் கோஸ்ட் சேஸியைப் பெரிதாக மாற்றாமலேயே புதிய இன்ஜினைப் பொருத்தி, முதல் ஃபேண்டம் காரை விற்றார்கள். 1929-இல் இரண்டாம் ஃபேண்டமுக்குப் பின் ஸ்பிரிங் அமைப்பையும் ஆக்சிலையும் மாற்றியபோதோ, சேஸியையே புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. தயாரித்தவர்களுக்கே அப்படி என்றால், நம் பட்டறைக்கு எப்படி இருக்கும்?

காரணம் எளிது. சக்கரம் முன்னோக்கி உருளும்போது, ஆக்சில் கூடு எதிர்த்திசையில் புரளப் பார்க்கும். முதல் ஃபேண்டமில் அதைத் தடுத்துப் பிடிப்பது, புரொப்பல்லர் ஷாஃப்டை மூடியிருக்கும் தடித்த குழாய். புதிய ஆக்சிலுக்கு அந்தக் குழாய் கிடையாது. பழைய ஸ்பிரிங்கில் அப்படியே மாட்டினால், ஆக்சிலைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. அதற்கென்று தனிப் பிடிகம்பிகள் அமைக்க வேண்டும். ஷாஃப்டின் கோணம் பிசகினால் காரே அதிரும். பல் விகிதம் மாறினால் வேகமானி பொய் சொல்லும். பிரேக்கும் புதிய ஆக்சிலோடு சேர்ந்து மாறிவிடும். முன்சக்கர பிரேக்கோடு அது சமநிலையில் இல்லாவிட்டால், மழைநாளில் கார் வழுக்கிச் சுழலும். பின்னால் அமர்ந்திருப்பது நம் பிள்ளைகள்.

மாற்றியே ஆகவேண்டும் என்றால் சில விதிகளை மனத்தில் வையுங்கள். முதலில் அளவெடுங்கள்: சக்கர இடைவெளி, ஸ்பிரிங் இருக்கைகளின் தூரம், ஷாஃப்ட் கோணம். சேஸி சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடாதீர்கள்; பளு அதிகம் தாங்குவது அவைதான். வெட்டி வெல்டிங் செய்வதைவிட, போல்ட்டில் மாட்டும் தாங்கிகளே நல்லது. கழற்றிய ஆக்சிலுக்கு எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்துங்கள். சாலையில் ஓட்டுவதற்கு முன் ஜேபிஜே ஒப்புதல் பெறுங்கள்.

பழைய வாகனங்களைப் பேணுவதற்கான டூரின் சாசனமும் இதையே சொல்கிறது: மாற்றம் குறைவாக இருக்கட்டும், முடிந்தவரை பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாக இருக்கட்டும். பழைய கட்டடங்களுக்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம்தான் அதற்கு முன்மாதிரி. காரும் கடைவீடும் ஒரே குடும்பம்தான்!

நாளை அசல் ஆக்சில் கிடைத்தால், நம் பேரப்பிள்ளைகள் நான்கு போல்ட்டைக் கழற்றி அதை மாட்டிக்கொள்வார்கள். வெட்டிய சேஸியை அவர்களால் என்ன செய்ய முடியும்? பட்டறைக்காரர் வெட்டுக்கருவியை எடுக்கும் முன் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டுவிடுங்கள்.