சக்கரப் பலகைக்கு ஓர் இடம்

மணலி புதுநகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. குறுக்குத் தெரு ஒன்றிலிருந்து 'கடகட'வென்று ஓர் ஓசை கேட்கிறது. பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பையன், நான்கு சக்கரம் பூட்டிய பலகையின் மேல் நின்றுகொண்டு, ஒரு காலால் தரையை உந்தியபடி விரைந்து வருகிறான். திண்ணையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்க்கிறார். "டேய், இது இன்னா தெருவா, சர்க்கஸ் கொட்டாயா? காலை ஒடிச்சுக்கினா யாருடா பாக்கறது?" என்று அதட்டுகிறார். பையன் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நழுவுகிறான். அங்கேயும் ஒரு பெரியவர் இருப்பார்!

பெரியவரின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தெரு என்பது முதியோரும் கர்ப்பிணிகளும் நடமாடும் இடம். ஆனால் அந்தப் பையன் எங்கேதான் போவான்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பேரிங் வண்டி மறந்து போயிற்றா?

இது அயல்நாட்டிலிருந்து வந்த புதுப் பைத்தியம் என்று சொல்வோர் தங்கள் இளமையைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். ஆலைகளும் பட்டறைகளும் மலிந்த வடசென்னையில் தேய்ந்து கழித்த பேரிங்குக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. ஒரு பலகையின் அடியில் மூன்று பேரிங்குகளைப் பொருத்தி, ஒருவன் உட்கார, மற்றவன் தள்ள, தெருவே அதிர ஓட்டியவர்கள்தாம் இன்றைய தந்தைமார்களில் பலர். அதன் தழும்பு இன்னமும் அவர்கள் முழங்காலில் இருக்கக்கூடும். 1950-களில் கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு வீரர்கள் பலகையில் சக்கரம் பூட்டித் தெருவில் இறங்கியதும் இதே ஆசையினால்தான்.

ஆனால் அன்றைய தெரு வேறு, இன்றைய தெரு வேறு. எண்ணூரில் காமராஜர் துறைமுகம் 2001-இல் இயங்கத் தொடங்கியது. இன்று திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையில் கண்டெய்னர் லாரிகள் யானைக் கூட்டம்போல் வரிசை கட்டுகின்றன. உட்தெருக்களிலோ வேகத்தடையும் சல்லியும் பள்ளமுமாக இருக்கின்றன. சக்கரப் பலகையின் சக்கரம் குறுக்களவில் சுமார் ஐந்து சென்டிமீட்டர்தான். ஒரு சிறு கல் குறுக்கே கிடந்தாலும் பலகை நின்றுவிடும். பையன் மட்டும் முன்னால் பறப்பான். ஆட்டத்தைவிடத் தரையே பெரிய ஆபத்து!

தடை போட்ட நாடு

தடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு நார்வே ஒரு பாடம். விபத்துக்கு அஞ்சி, அந்நாட்டு அரசாங்கம் 1978-இல் சக்கரப் பலகையையே தடை செய்தது. இளைஞர்கள் விட்டார்களா? காட்டுக்குள் மறைவாகச் சறுக்குமேடை கட்டி ஆடினார்கள். 1989-இல் தடை நீங்கியது. பதினொரு ஆண்டுகளில் ஆட்டம் ஒழியவில்லை, ஒளிந்துகொண்டது, அவ்வளவே. உலகமோ அதன்பின் வெகுதூரம் சென்றுவிட்டது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம் பெற்றது. மகளிர் தெருப் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மொமிஜி நிஷியாவுக்கு வயது பதின்மூன்று!

அயல்நாட்டுக் கதை எதற்கு? இதே கடற்கரையில் தெற்கே, மாமல்லபுரத்து மீனவர் குடியிருப்பில் வளர்ந்த சிறுமி கமலி மூர்த்தி, கவுன் அணிந்து வெறுங்காலோடு சக்கரப் பலகையில் சறுக்கிய காட்சி உலகெங்கும் பரவியது. அவளைப் பற்றிய குறும்படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 'பெண் பிள்ளைக்கு இது எதற்கு?' என்ற ஊர்ப் பேச்சைத் தாங்கிக்கொண்டு மகளின் பக்கம் நின்றவர் அவளுடைய தாய். கமலி இன்று அலைச்சறுக்கில் தேசியப் பட்டங்கள் வென்ற வீராங்கனை.

மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்றொரு சிற்றூர். அங்கே 2015-இல் ஒரு சறுக்குத் திடல் கட்டப்பட்டது. பள்ளிக்கு வராவிட்டால் பலகை இல்லை. பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். இவ்விரண்டே அதன் விதிகள். அவ்வூரின் ஆஷா கோண்ட், 2018-இல் சீனத்தின் நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டியில் கலந்துகொண்டார். ஒரு சிமெண்டுத் தரை, ஒரு கிராமத்துப் பெண்ணைக் கடல் கடந்து கொண்டுபோய் நிறுத்தியது.

செய்ய வேண்டியது என்ன?

நாம் கேட்பது பெரிய ஸ்டேடியம் அல்ல. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அந்நிலத்தில் ஒரு மூலை போதும். வழுவழுப்பான சிமெண்டுத் தரை, இரண்டு சாய்வு மேடைகள், மாலையில் விளக்கு, மழைநீர் வடிய வழி — இவ்வளவுதான் தேவை. தலைக்கவசமும் முழங்கால் உறையும் இன்றி இறங்கக்கூடாது என்று விதி செய்யலாம். சிறுமிகளுக்கென்று தனி நேரம் ஒதுக்கலாம். திடல் அமைந்த பிறகும் தெருவில் பாய்கிறவனைக் கண்டிக்க நமக்கு உரிமை உண்டு. அதற்கு முன்னால் இல்லை.

மணலி புதுநகர் தானாக முளைத்த ஊரல்ல; பெருநகர் வளர்ச்சிக் குழுமம் திட்டமிட்டு அமைத்த நகரம். தொழிற்சாலைப் புகையையும் லாரிப் புழுதியையும் இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படிந்த நீரையும் இங்குள்ள மக்கள் கண்டார்கள். நாட்டுக்காக இவ்வளவையும் சுமக்கும் பகுதிக்கு, ஒரு திடல் அளவு சிமெண்டுத் தரையைத் தர மாநகராட்சியார் தயங்கலாமா?

பையன் இப்போது எத்தனையாவது தெருவில் இருக்கிறானோ! அவன் லாரி ஓடும் சாலைக்கு வந்து சேருமுன் நாம் விழித்துக்கொள்வது நல்லது.