ஈ பிசியைக் குறை சொல்லும் முன்

"மலிவு மடிக்கணினி என்றால் பாதிக் கணினி, பணம் தண்டம்" என்கிறவர்கள் ஆசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி 701 என்ற சிறு மடிக்கணினியைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அதே சாட்சியை நானும் விசாரிக்கிறேன். 2007இல் ஒரு கிலோவுக்குள் மடிக்கணினி வேண்டுமென்றால் ஆயிரம் டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். ஈ பிசியோ அமெரிக்காவில் 399 டாலருக்கு வந்தது.

7 அங்குலத் திரையில் இணையப் பக்கம் முழுதாகத் தெரியாது, பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். விசைகள் விரலுக்கு நெருக்கம். சேமிப்பிடம் வெறும் 4 ஜிபி. எல்லாம் உண்மை. ஆனால் அந்த 4 ஜிபி, சுழலும் வட்டே இல்லாத ஃபிளாஷ் நினைவகம்! குலுங்கும் பேருந்தில் மடியில் வைத்துப் பயமில்லாமல் தட்டச்சு செய்யலாம். பயணத்தில் எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? வீடியோ தொகுக்க முடியவில்லை என்று அதைத் திட்டுவது அநியாயம்.

பின்னால் வந்த நெட்புக்குகளில், அதாவது இதே வகைச் சிறு மடிக்கணினிகளில், விண்டோஸையும் சுழலும் வட்டையும் பெரிய திரையையும் ஏற்றி, எடையையும் விலையையும் கூட்டியது தயாரிப்பாளர்கள். பழி அவர்களுக்குத்தான்.

இன்று மலிவாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ராம் 4 ஜிபிதானா, தாய்ப்பலகையோடு பற்றவைத்ததா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆமென்றால் வாங்காதீர்கள். பிறகு பெரும்பாலும் கூட்ட முடியாது.