'ஹேக்' என்று எழுதிவிட்டால் ஆயிற்றா?

"போனை ஹேக் பண்ணிப்போட்டாங்க சார்" என்று நாமக்கல் லாரி ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் வேறெப்படிச் சொல்வார்? நாமும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் அதையே எழுதி, பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி அனுப்பிவிடுகிறோமே, அதுதான் உறுத்துகிறது.

போலி இ-சலானையே எடுத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் அபராத நோட்டீஸ், கூடவே அரசு செயலியின் பெயரில் ஒரு ஏபிகே ஃபைல். ஓனர் இன்ஸ்டால் செய்கிறார். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கிறது, கொடுத்துவிடுகிறார். அதன்பின் வரும் ஓடிபி எல்லாம் மோசடிக்காரனுக்கும் போகும். இது ட்ரோஜன். அதே போனில் பாஸ்வேர்டை மாற்றினால் அதற்கு வரும் ஓடிபியும் அவன் கையில்தான். முதலில் ஃப்ளைட் மோட். வைஃபையும் அணைந்திருக்க வேண்டும். அடுத்து, வேறு போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் வங்கிக்கும் அழைப்பு. அவசரப்பட்டு ஃபேக்டரி ரீசெட் போடுகிறவர்கள் நம்மில் உண்டு. புகாருக்கு வேண்டிய சாட்சியே அந்த ஏபிகேதான்.

பிஷிங்கில் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுத்தது ஆள். அங்கே பாஸ்வேர்டு மாற்றம் சரியான மருந்து. சிம் ஸ்வாப் என்றால் போனில் சிக்னலே இருக்காது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் உதிரிபாகக்காரருக்கு சப்ளையர் பெயரில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மெயில் வந்தால் வைரஸ் ஸ்கேன் வீண்வேலை. மெயிலில் யாருக்காவது ஃபார்வர்டு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல சமயம் திறந்து கிடப்பது எதிர்த்தரப்பின் மெயில்பெட்டி.

2018 பிப்ரவரியில் கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கியில், வங்கிகள் பணப் பரிமாற்ற உத்தரவுகளை அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாகக் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலரை மூன்று பரிமாற்றங்களில் வெளியேற்றப் பார்த்தார்கள். ஸ்விஃப்ட்டோடு இணைந்த பிரின்டர் முடக்கப்பட்டிருந்தது. மறுநாள் கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நம் ஊரில் அது 'பிரின்டர் ரிப்பேர்' என்று ஜாப் கார்டில் ஏறியிருக்கும்.

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவுப்படி நிறுவனங்கள் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் தர வேண்டும். அந்த உத்தரவின் பட்டியலில் பிஷிங் தனி, போலி மொபைல் செயலி தனி. நம் ரிப்போர்ட்டிலும் என்ன வந்தது, எதை அழுத்தினார், எந்த அனுமதி கொடுத்தார், மணி என்ன என்ற நான்கும் இருக்கட்டும். அடுத்த இதழிலிருந்து சம்பவப் பகுதிக்கு 'ஹேக்' என்று மட்டும் எழுதி வரும் குறிப்புகளைத் திருப்பி அனுப்புவோம்.