கதவைச் சாத்திவிட்டுச் சற்றுத் தள்ளி இருங்கள்

தொலைபேசியிலோ காணொலியிலோ மனநல ஆலோசனை பெறுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இப்போது எங்கே இருக்கிறீர்கள்? அருகில் யாரேனும் உண்டா?" என்பதே. நலம் விசாரிக்காமல் இடத்தை விசாரிக்கிறாரே என்று சிலர் வியப்பதுண்டு. இதுவரை கிடைத்த விடைகள் பல வகை: மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல், நிறுத்திவைத்த சரக்கு ஆட்டோவின் முன்னிருக்கை, கண்மாய்க் கரை, மாட்டுக் கொட்டகை. ஒரு பெண் பூட்டிய குளியலறைக்குள் இருந்து பேசினார். மூன்று அறைகள் கொண்ட வீடுதான். ஆனால் அவர் தனியாக உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ளக்கூடிய கதவு அந்த ஓர் இடத்தில் மட்டுமே இருந்தது.

இக்கேள்விக்கு இரண்டு காரணங்கள் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஆபத்து நேர்ந்தால் உதவியை எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றொரு காரணத்தை, நோயாளிகளுக்குச் சொல்வதைவிட அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்குச் சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

மருத்துவமனையில் என் அறைக்கு ஒரு கதவு உண்டு. உடன் வந்தவர்களைச் சற்று வெளியே அமரச் செய்து, நோயாளியிடம் தனியே பேசுவேன். பிறகு அவர்களை உள்ளே அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்பேன். பல ஆண்டுகளாக இப்படிச் செய்து வந்தும், சிகிச்சையில் அந்தக் கதவுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

2020 மார்ச் 25 அன்று, நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலைமருத்துவ நடைமுறை நெறிமுறைகள் வெளியாயின. பதிவு பெற்ற மருத்துவர் தொலைபேசி, காணொலி, குறுஞ்செய்தி வழியாக நோயாளியை எவ்வாறு கவனிக்கலாம் என்பது நம் நாட்டில் அப்போதுதான் தெளிவாக வரையறுக்கப்பட்டது. பேரையூரிலிருந்தும் உசிலம்பட்டிக்கு அப்பாலிருந்தும் பேருந்து மாறி, ஒரு நாள் கூலியை இழந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்தவர்களுக்கு அது பெரும் ஆறுதல். ஊரடங்கு போன பின்னும் இம்முறை நிலைத்துவிட்டது. நிலைக்க வேண்டியதும்தான். ஆனால் மருத்துவர் வீட்டுக்குள் வந்தபோது, அவரது அறையின் கதவு உடன் வரவில்லை.

அதை நான் கற்றுக்கொண்டது என் தவறு ஒன்றின் மூலம். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் மனச்சோர்வுக்காகக் காணொலியில் என்னிடம் சிகிச்சை பெற்று வந்தார். ஒவ்வொரு முறையும், "உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்று கேட்பேன். "அதெல்லாம் இல்ல சார், நல்லாருக்கேன்" என்பார். முகமும் அமைதியாகவே இருக்கும். அந்த விடையை நம்பி, சந்திப்புகளின் இடைவெளியை இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரமாக நீட்டினேன். பின்னொரு நாள் அவர் நேரில் வந்தார். கதவைச் சாத்திய சில நிமிடங்களில் அழத் தொடங்கினார். அந்த எண்ணம் பல வாரங்களாக அன்றாடம் வந்துகொண்டிருந்தது. பிறகு ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்டேன். "அப்பா எதிர்க்க கட்டில்ல உக்காந்திருப்பாரு சார்" என்றார்.

திரையில் அவர் முகம் மட்டுமே எனக்குத் தெரிந்தது. கட்டில் தெரியவில்லை. நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்தத் தந்தை கொடியவர் அல்லர். மகன் மாத்திரையை விழுங்குகிறானா என்று வாயைத் திறந்து பார்க்கும் அளவுக்கு அக்கறை உள்ளவர். மகனும் அவருக்கு அஞ்சி மறைக்கவில்லை. தான் சாக நினைப்பதைக் கேட்டால் அப்பா உடைந்துபோவார் என்றுதான் மறைத்தார். குடும்பத்தார் பலர், தனிமை கேட்டால் தங்களைப் பற்றிப் புகார் சொல்லப்போகிறார்கள் என்று நினைக்கிறார்கள். "பெத்தவ எனக்குத் தெரியாம என்னத்தப் பேசப் போறான்?" என்று ஒரு தாய் என்னிடம் நேரடியாகவே கேட்டார். என் அனுபவத்தில், நோயாளிகள் வீட்டாரிடம் மறைப்பவற்றில் பெரும்பகுதி வீட்டாரைக் காப்பதற்காக மறைப்பவைதான், அம்மா.

குடும்பத்தைச் சிகிச்சையிலிருந்து விலக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. மேலைநாட்டு மனநல மருத்துவம் நோயாளியைத் தனியராகப் பார்த்த காலத்திலேயே, 1950களில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் குடும்பத்தாரைக் கூடாரங்களில் நோயாளிகளோடு தங்கவைத்தார். நம் மாநிலத்தின் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும், உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்கும் முறை அந்தத் தொடக்கக் காலத்திலிருந்தே இருந்து வருகிறது. அந்த மரபில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. மாத்திரை தருவதும், உறக்கம் கெடுவதை முதலில் கவனிப்பதும், பேருந்துச் செலவைத் தேடித் தருவதும் நீங்கள்தான். ஆனால் அங்கெல்லாம் குடும்பம் உடன் தங்கியபோதும், மருத்துவர் நோயாளியிடம் தனியே பேச ஓர் இடம் இருந்தது.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நோயாளியின் சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை அவருக்கு அளிக்கிறது. அதற்கு விலக்குகளும் உண்டு. அவர் தம் பொறுப்பாளராக நியமித்தவருக்குத் தேவையான தகவலைச் சொல்லலாம். உயிருக்கு ஆபத்து இருந்தால் அதைத் தடுப்பதற்கு வேண்டியதைச் சொல்லலாம். ஆகவே ஆபத்தான ஒன்றை உங்களிடமிருந்து மறைத்துவிடுவேனோ என்ற அச்சம் உங்களுக்கு வேண்டியதில்லை. அத்தகைய நிலையில் நானே உங்களை அழைப்பேன்.

அவருக்குத் தெரியாமல் என்னை அழைத்து, "நான் பேசியதைச் சொல்லிவிடாதீர்கள்" என்பவர்கள் பலர். நீங்கள் சொல்வதைக் கேட்பதற்கு எனக்குத் தடையில்லை. உண்மையில் அது எனக்குத் தேவை. அவர் சொன்னதை உங்களிடம் ஒப்பிப்பதற்குத்தான் தடை. ஆனால் நீங்கள் அழைத்த செய்தியை அவரிடமிருந்து மறைக்கவும் மாட்டேன். பக்கத்து அறையிலிருந்து காது கொடுத்துக் கேட்பதும், உரையாடலைக் கைப்பேசியில் பதிவு செய்து சித்தப்பாவுக்கு அனுப்புவதும் ஒரே ஒரு முறை தெரியவந்தாலும் போதும். அதன் பிறகு அவர் என்னிடமும் "நல்லாருக்கேன்" என்று மட்டுமே சொல்வார்.

இனி என் பக்கத்து எல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் எண்ணைத் தராத மருத்துவர் அன்பில்லாதவர் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஒரு காலத்தில் நானும் தந்தேன். இரவு பதினொன்றரைக்கு ஒரு நோயாளி நீண்ட செய்தி அனுப்புவார். விழித்திருந்தால் பதில் எழுதுவேன். மூன்று இரவுகள் அப்படி எழுதினேன். நான்காம் இரவு செய்தியைத் திறந்து பார்த்துவிட்டு, காலையில் எழுதலாம் என்று உறங்கிவிட்டேன். அவர் நீலக் குறியைப் பார்த்துக்கொண்டே விடியும்வரை அமர்ந்திருக்கிறார். தம்மைக் கைவிட்டுவிட்டேன் என்றே அவர் முடிவு செய்திருந்தார். சில நேரம் கிடைத்து, சில நேரம் கிடைக்காத பதில், நோயுற்ற மனத்துக்குத் தீங்கே செய்கிறது. செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு முப்பது நிமிடம் என்றால், அந்த முப்பது நிமிடமும் அவருக்கே உரியது. அது தவறாமல் வரும் என்று தெரிந்தால், இடைப்பட்ட நாள்களைத் தாங்கும் வலிமை பலருக்கும் வந்துவிடுகிறது. இப்போது என் தனிப்பட்ட எண்ணை எவருக்கும் தருவதில்லை.

அந்த நேரத்துக்கு வெளியே மனம் தாளாத நிலை வந்தால், இரவோ பகலோ 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் தமிழிலேயே பேசுகிறார்கள். கட்டணம் இல்லை. உணவும் உறக்கமும் அடியோடு நின்றுவிட்டவர், தம்மையோ பிறரையோ காயப்படுத்தும் நிலையில் இருப்பவர் ஆகியோரைத் தொலைபேசிக்குக் காத்திராமல் நேரே அழைத்து வந்துவிடுங்கள்.

ஒற்றை அறை வீட்டில் தனிமைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காதுக்கருவி ஒன்று இருந்தால் என் கேள்விகள் பிறருக்குக் கேளா. ஆம், இல்லை என்று மட்டும் விடை வரும்படி நான் கேட்க முடியும். யாரேனும் வந்துவிட்டால் பேச்சை மாற்றுவதற்கு, "மாத்திரை தீரப்போகுது சார்" என்பது போல ஒரு குறிப்புச் சொல்லைச் சிலரோடு முன்னரே பேசி வைத்திருக்கிறேன். மற்றதை வீட்டார்தான் செய்ய வேண்டும். குளியலறையிலிருந்து பேசிய பெண்ணின் மாமியாரிடம், மருமகளின் ஒப்புதலோடு, இதை ஒருமுறை விளக்கினேன். அடுத்த மாதம் காணொலியில் அவருக்குப் பின்னால் நெல் மூட்டைகள் தெரிந்தன. சரக்கறைக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்திருக்கிறார் மாமியார். அந்த அரை மணி நேரமும் வாசலில் அமர்ந்து பூக்கட்டியபடி, வருகிறவர்களிடம் "அப்புறம் வாங்க" என்று சொல்லி அனுப்புகிறாராம்.

எல்லா வீட்டிலும் சரக்கறை இராது. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவனம் 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. அதற்குள் ஓர் ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. கிராமத்து நோயாளி அந்த அறைக்குள் அமர்ந்து, சென்னையிலிருக்கும் மருத்துவரைத் திரையில் கண்டு பேசினார். தொழில்நுட்பத்துக்காக அதைப் பலரும் பாராட்டினர். எனக்கோ, அந்தப் பேருந்து ஊர் ஊராக ஒரு கதவையும் சுமந்து சென்றது என்பதே பெரிதாகப் படுகிறது. இன்று கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது. அதனால் பேருந்து தேவையில்லை என்று நினைத்துவிட்டோம். நம் சுற்றுவட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும், வாரத்தில் ஒரு பிற்பகல், ஓர் அறையை இதற்கென ஒதுக்கலாம். ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, உள்ளிருந்து போடும் ஒரு தாழ்ப்பாள் போதும். உங்கள் ஊர் கிராம சபைக் கூட்டத்தில் இதை ஒரு கோரிக்கையாக வையுங்கள். அதற்கான மருத்துவக் காரணங்களை ஒரு பக்கத்தில் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். புறநோயாளிகள் பிரிவில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.