காய்ந்த வயல் செய்த மாயம்!

நெல் வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் சேற்றுக்குள் காற்று புகாது. அங்கே இருக்கும் நுண்ணுயிரிகள், மட்கும் வைக்கோலில் இருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்கும். பூமியைச் சூடாக்கும் பொல்லாத வாயு இது!

சீன விவசாயிகள் 1980களில் இருந்து, பயிர் பாதி வளர்ந்ததும் தண்ணீரை வடித்து, வயலைச் சில நாட்கள் காயவிடத் தொடங்கினர். மண்ணுக்குள் காற்று புகுந்தது. 2000ம் ஆண்டுக்குள் அந்நாட்டு வயல்களில் மீத்தேன் சுமார் 40 சதவீதம் குறைந்ததாக விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். நெல் விளைச்சலோ கூடியது!

பூமியைக் காக்க நினைத்தா அப்படிச் செய்தார்கள்? இல்லை, தண்ணீர் மிச்சமாகும், மகசூல் பெருகும் என்றுதான்!

ஒரு சிக்கலும் உண்டு. வயல் காயும்போது, உரத்தில் இருந்து நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு வெப்ப வாயு அதிகம் வரும். எனவே, தண்ணீரைப் போல உரத்துக்கும் அளவு வேண்டும், சரிதானே?